பாலத்துக்கு அங்காலை

"அவளின்ரை சப்பாத்து வீட்டிலை கிடக்கு, மதாம். அதைப் பாக்கத்தான் எனக்குப் பயமாக் கிடக்கு."

யோகராணி சொல்லிவிட்டுக் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றினார். மை கலையவில்லை.

2019 மாசி மாதத்து ஞாயிறு காலை. பாரிசின் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு பயண முகவர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் ஜெர்மேனின் துப்பறியும் நிலையம். புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுச் சுங்கத்துறையில் அடுத்தவர்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்தே ஓய்வு பெற்றவர் அவர். பெட்டிகள் கையை விட்டுப் போனபின் மனிதர்களைத் திறந்து பார்க்கத் தொடங்கியிருந்தார். உதவியாளன் லவன் புறநகரான ஓல்னே-சூ-புவாவில் வளர்ந்தவன். கார் ஓட்டுவான், பூட்டுத் திறப்பான், வாயை மட்டும் மூடமாட்டான்.

"சப்பாத்து இல்லாமல் போன ஆளைத் தேடுறது லேசு," என்றான் லவன். "இந்தக் குளிருக்கை கனதூரம் போயிருக்க மாட்டா."

"லவன்..."

"அக்காவுக்கு நம்பிக்கை குடுக்கிறன், மதாம்."

ஜெர்மேன் யோகராணியின் பக்கம் திரும்பினார். "யாரு இந்தப் பொண்ணு? மொதல்லேருந்து சொல்லுங்க."

யோகராணி சொன்னார். காணாமல் போனவள் பெயர் வள்ளிநாயகி. முல்லைத்தீவுப் பக்கம் பனிச்சையோடை என்ற ஊரிலிருந்து போன கிழமை வந்து, லா கூர்னெவ் புறநகரில் யோகராணியின் வீட்டில் தங்கியிருந்தாள். யோகராணிக்கும் அதுதான் சொந்த ஊர். சண்டை முடிந்தபின் பாரிசில் இருக்கும் ஊர்க்காரர்கள் ஒன்றியம் ஒன்றை அமைத்து, அங்கே பிரதேச சபை வழியாக உதவி செய்து வந்தார்கள். உதவி ஆட்களைச் சேர்கிறதா என்று பார்க்க ஒரு முறையும் வைத்திருந்தார்கள். ஊரில் ஒவ்வொரு வீட்டையும் ஐந்து படிகளில் ஒன்றில் நிறுத்துவார்கள். ஒழுகும் கூரை, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லை என்றால் அது முதற்படி. வள்ளிநாயகிதான் வருடாவருடம் வீடுவீடாக ஏறி இறங்கிப் படி பார்ப்பவள்.

"இந்த முறை முதற்படியிலை ஒரு வீடும் இல்லை, மதாம்!" யோகராணியின் குரலில் அழுகை காணாமல் போய்ப் பெருமை வந்தது. "இண்டைக்குப் பதினொரு மணிக்குக் கூட்டம். வறுமையை வெண்ட ஊர் எண்டு அறிவிச்சு, உதவியை அடுத்த ஊருக்கு மாத்தப் போகினம். என்ரை தம்பி ஊரிலையிருந்து நேரடியா வீடியோவிலை வருவான், வள்ளிதான் மேடையிலை சொல்ல வேணும். அவளைத்தான் காணேல்லை."

"போலீசுக்குப் போனீங்களா?"

"பொலிஸ் வேண்டாம். ஊருக்குப் பேர் கெட்டுப்போம்."

அவர் கைபேசியில் இரண்டு காணொளிகளைக் காட்டினார். இரண்டிலும் அவருடைய தம்பி கரிகாலன், பிரதேச சபை உறுப்பினர், ஊரின் வரவேற்புப் பலகைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார். முதலாவது பழையது. பலகைக்குப் பின்னால் தகரக் கொட்டில்கள், ஓடிவரும் பிள்ளைகள். இரண்டாவது புதியது. பலகைக்குப் பின்னால் ஒரு சின்னப் பாலம், அவ்வளவுதான். ஜெர்மேன் இரண்டையும் இரண்டு தரம் பார்த்தார்.

"காலமை அவளிட்டையிருந்து ஒரு குரல் செய்தி வந்தது," என்று யோகராணி அதையும் போட்டார்.

பெண் குரல், மூச்சு வாங்கியது. "அன்ரி, நான் சுகமா இருக்கிறன். என்னைத் தேட வேண்டாம்." அவ்வளவுதான்.

"ஆரோ கத்தியை வைச்சுக்கொண்டு சொல்லச் சொல்லியிருக்கிறாங்கள்!" என்றார் யோகராணி.

"திரும்பப் போடுங்க." ஜெர்மேன் கண்ணை மூடிக் கேட்டார். "லவன், அந்தப் பொண்ணு பேசுறதக் கேக்காத. அதுக்குப் பின்னாடி கேளு."

லவன் காதைக் கைபேசியில் ஒட்டினான். "கீழை மெத்றோ உறுமுது. ஏழாம் இலக்கம், இந்தத் தெருவுக்குக் கீழைதான் ஓடுது. பிறகு... மேலை ஒரு ஆம்பிளை என்னவோ எண்ணுறான். ஒண்டு, ரெண்டு, மூண்டு, ஹலோ..."

அவன் நிமிர்ந்தான். "மைக் பாக்கிறாங்கள்!"

"ஞாயித்துக்கிழமை காலையில இந்தத் தெருவில மைக் பாக்குறது யாரு?"

"தவரத்தினம் அண்ணையின்ரை சாப்பாட்டுக் கடை. மேல் மாடியிலைதான் ஒன்றியத்தின்ரை கூட்டம்." லவனுக்குச் சிரிப்பு வந்தது. "காணாமல் போன ஆள் கூட்டத்துக்கு முதல் ஆளாப் போய் இருக்கிறா, மதாம்."

"மைக் மேல கேக்குது, ரயில் பக்கத்தில கேக்குது. அப்போ கடைக்கு அடியில, காவ்ல இருக்கா." பாரிசில் நிலவறைக்கு அதுதான் பெயர். ஜெர்மேன் மேலங்கியை எடுத்தார். "நீங்க இங்கயே இருங்க. கூட்டிட்டு வந்துடுறோம்."

"ஓம் மதாம்," என்றார் யோகராணி.

தவரத்தினத்தின் கடை தெருக்கோடியில் இருந்தது. ஒன்றியத்தின் தலைவரும் அவர்தான். ஆகவே கத்தி வைத்திருக்கக்கூடியவர் அவராகவும் இருக்கலாம் என்பது லவனின் கணக்கு. வாசலில் கூட்டத்துக்கு வந்தவர்கள் குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். மாடியில் நாதஸ்வர இசைத்தட்டு உச்சத்தில் போனது. லவன் வாசலில் கிடந்த வாழையிலைக் கட்டைத் தோளில் தூக்கினான். இலைக் கட்டோடு வருகிறவனை யாரும் கேள்வி கேட்கவில்லை. அவனுக்குப் பின்னால் வந்த வெள்ளைக் கொண்டை ஜெர்மேனையும் கேட்கவில்லை.

சமையலறைக்குப் பின்னால் கல் படிகள் கீழே இறங்கின. அடியில் ஓர் இரும்புக் கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம், போடாமல் கிடந்தது. லவன் தள்ளினான்.

வெங்காய மூட்டைகளுக்கும் எண்ணெய்த் தகரங்களுக்கும் இடையில், ஒரு மஞ்சள் விளக்கின் கீழ், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி குந்தியிருந்தாள். அவள் கையில் கத்தி இருந்தது. வெங்காயம் வெட்டும் கத்தி.

"கிட்ட வராதையுங்கோ!"

"நல்லா இருக்கு," என்றான் லவன். "காப்பாத்த வந்த ஆளை வெட்டிறது எங்கடை ஆக்களிட்டை மட்டும்தான்."

"ஆர் அனுப்பினது உங்களை?"

ஜெர்மேன் வள்ளிநாயகியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலப் பஞ்சுச் செருப்பு, வீட்டுக்குள் போடுவது. நனைந்து கறுத்திருந்தது.

"சே," என்றார். "நான் ஒரு முட்டாள்."

"மதாம்?"

"கடைக்குப் போறவ சப்பாத்து போட்டுட்டுப் போவா, லவன். தெருவில யாராவது புடிச்சிட்டுப் போனாலும் சப்பாத்தோடதான் போவா. சப்பாத்து வீட்டிலேயே கெடக்குன்னா, அவ அந்த வீட்டை விட்டுத்தான் ஓடியிருக்கா." அவர் வள்ளியிடம் குனிந்தார். "யோகராணி உன்னப் பூட்டி வெச்சாங்களா?"

வள்ளியின் கையிலிருந்த கத்தி தாழ்ந்தது. "சப்பாத்தையும் பாஸ்போட்டையும் எடுத்து ஒளிச்சுப்போட்டா. அவ குளிக்கப் போன நேரம் நான்..."

பின்னால் இரும்பு உரசியது. கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

லவன் தோளால் கதவை இடித்தான். அது அசையவில்லை.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ, மதாம்." கதவுக்கு வெளியே யோகராணியின் குரல் தெளிவாக இருந்தது. "கூட்டம் முடியத் திறந்து விடுறன். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காது. வள்ளிக்குக் காய்ச்சல் எண்டு மேலை சொல்லிப்போடுவன்."

"இது குற்றம்னு தெரியுமா உங்களுக்கு?"

"என்ரை தம்பி அங்கை நாலு பேருக்கு முன்னாலை தலைநிமிர்ந்து நிக்கிறான். அதை ஒருத்தி வந்து உடைக்க விடமாட்டன்."

காலடிகள் ஏறிப் போயின.

"எங்கடை நிலையத்துக்கு இது சாதனை," என்றான் லவன். "தேடின ஆளையும் கடத்தின ஆளையும் ஒரே நேரத்திலை கண்டுபிடிச்சிட்டம். மோப்ப நாய் நாங்கள். சங்கிலி அவவின்ரை கையிலை இருந்திருக்கு."

இரும்புக் கதவு மூடியபின் கைபேசிகளில் ஒரு கோடும் இல்லை. சேர்ந்து கத்திப் பார்த்தார்கள். மேலே நாதஸ்வரம் இவர்களை விழுங்கியது. சுவருக்கு அப்பால் மெத்றோ கடந்தபோது எண்ணெய்த் தகரங்கள் நடுங்கின. அது போனபின் இன்னும் அமைதியாக இருந்தது. ஈரக் கல்லின் குளிர் கால் வழியாக ஏறியது. லவன் சின்ன வயதில் ஒருமுறை மின்தூக்கிக்குள் அகப்பட்டவன். சட்டைக் கழுத்துப் பொத்தானைக் கழற்றினான்.

ஜெர்மேன் ஒரு வெங்காய மூட்டையில் உட்கார்ந்தார். "வள்ளி, பலகை எப்ப நடந்துச்சு?"

வள்ளி திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"பழைய வீடியோவில பலகைக்குப் பின்னாடி கொட்டில் இருக்கு, புள்ளைங்க ஓடி வருது. புதுசில பலகைக்குப் பின்னாடி பாலம் இருக்கு. பாலம் நடக்காது. அப்போ பலகைதானே நடந்திருக்கணும்?"

வள்ளி கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தைக் கைகளால் மூடினாள். பிறகு பேசத் தொடங்கினாள். நெடுநாள் அடைத்து வைத்திருந்தது எல்லாம் வந்தது.

"முந்திப் பலகை பாலத்துக்கு அங்காலை நிண்டது, அன்ரி. றோட்டுத் திருத்தின நேரம் பிடுங்கி இஞ்சாலை நட்டவை. ஆரும் பெரிசா யோசிக்கேல்லை. அந்த வருசம் கரிகாலன் அண்ணை சொன்னார், பலகைக்கு உள்ளுக்கு மட்டும் பாத்தால் காணும், அங்காலை இருக்கிறவை எங்கடை ஆக்கள் இல்லை எண்டு. பக்கத்து ஊர்ச் சபை சொல்லுது தங்கடை ஆக்களும் இல்லையாம். நான் அளந்தது பிழையில்லை. பலகைக்கு உள்ளுக்கு முதற்படியிலை உண்மையாவே ஒருத்தரும் இல்லை. எல்லாரும் பாலத்துக்கு அங்காலை நிக்கினம்."

"வறுமையைக் குறைக்கேல்லை," என்றான் லவன் மெல்ல. "ஏழையளைக் குறைச்சிருக்கிறாங்கள்."

"சபையின்ரை தண்ணி கொண்டுவாற பவுசர் லொறி பலகையோடை திரும்பிப் போடும். அங்காலை சனம் வாய்க்கால் தண்ணியைத்தான் குடிக்குது. போன மாரிக்கு ஒரு குழந்தை வயித்தோட்டத்திலை செத்துப் போச்சு. அந்தப் பிள்ளையும் எந்த ஊர்க் கணக்கிலையும் இல்லை." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நேற்று யோகராணி அன்ரியிட்டைச் சொன்னன், மேடையிலை பொய் சொல்ல மாட்டன் எண்டு. அவ உடனை தம்பியோடை கதைச்சா. பிறகுதான் சப்பாத்தைக் காணேல்லை."

"டிக்கெட்டுக்குக் காசு இருந்துச்சா? லா கூர்னெவ்லேருந்து எப்படி வந்த?"

"ரயில் வாசல்லை, டிக்கெட் போட்டாத் திறக்கிற கதவிலை, முன்னாலை போன அக்காவோடை ஒட்டிக்கொண்டு வந்திட்டன்."

"ஒரு கிழமையிலை பாரிஸ்காரி ஆயிட்டா," என்றான் லவன்.

"தவரத்தினத்துக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது அன்ரி. அவரும் உடந்தையோ எண்டுதான் நான் அவரிட்டைப் போகேல்லை. கூட்டம் தொடங்கினாப் பிறகு எல்லாருக்கும் முன்னாலை போவம் எண்டு ஒளிச்சிருந்தன்." அவள் கதவைப் பார்த்தாள். "பேசினாலும் நான் திரும்பிப் போற ஊர் அதுதான். கரிகாலன் அண்ணையின்ரை ஊர். பேசாட்டிலும் அதுதான். எங்கை போனாலும் கதவு வெளியாலைதான் பூட்டிக் கிடக்கு."

மேலே நாதஸ்வரம் நின்றது. நாற்காலிகள் இழுபட்டன. மைக்கில் யாரோ வணக்கம் சொன்னார். கூட்டம் தொடங்கிவிட்டது.

ஜெர்மேனின் பார்வை சுவரில் ஓடியது. மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதிலிருந்து கூரைக்கு ஏறும் தடித்த கம்பிகள். அவர் எழுந்து மூட்டையை நகர்த்தினார்.

"லவன், மேல மைக், லைட்டு, அடுப்புக் காத்தாடி எல்லாத்துக்கும் கரண்ட் எங்கேருந்து போகுது?"

லவனின் முகம் மலர்ந்தது. "எங்களாலை மேலை போகேலாது. மேலை இருக்கிறவையைக் கீழை வரப் பண்ணலாம்!"

அவன் பெரிய விசையைக் கீழே இழுத்தான். விளக்கு அணைந்தது. முழு இருட்டு. மேலே மைக் பாதிச் சொல்லில் செத்தது. சனம் முணுமுணுத்தது கேட்டது.

மூவரும் இருட்டில் காத்திருந்தார்கள். வள்ளியின் கை ஜெர்மேனின் கையைத் தேடிப் பிடித்தது. படிகளில் காலடி. மெல்லிய, குதிகால் செருப்பின் காலடி. அது கதவுக்கு வெளியே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு திரும்பி ஏறியது. மேலிருந்து யோகராணியின் குரல் வந்தது: "தெரு முழுக்கக் கரண்ட் இல்லையாம், அண்ணை! இருந்து பாப்பம்!"

"முடிஞ்சுது," என்றாள் வள்ளி.

லவனின் மூச்சு வேகமாக இருந்தது. "மதாம், எனக்கு இந்த இருட்டு..."

"அப்போ போடு. போட்டுட்டு அணை. திரும்பப் போடு. தெரு முழுக்க கரண்ட் போனா, இப்படிக் கண் சிமிட்டுமா?"

லவன் விசையை மேலே தள்ளினான், கீழே இழுத்தான், தள்ளினான், இழுத்தான். மேலே மைக் விக்கியது. யாரோ சிரித்தார்கள். யாரோ கத்தினார்கள். பிறகு கனத்த சப்பாத்துகள் படியில் இறங்கின. பின்னாலேயே யோகராணி: "அண்ணை, நான் பாக்கிறன், நீங்கள் மேடைக்குப் போங்கோ!"

தாழ்ப்பாள் இழுபட்டது. வாசலில் தவரத்தினம் நின்றார். அறுபது வயது, கழுத்தில் பொன்னாடை, கையில் கைபேசி வெளிச்சம். வெளிச்சம் மூன்று முகங்களிலும் போய், வள்ளியின் நனைந்த செருப்பில் நின்றது.

"காய்ச்சல் எண்டு சொன்னியள்," என்றார் யோகராணியிடம், திரும்பாமலே.

வள்ளி நேராகச் சொன்னாள். பலகை, பாலம், பவுசர், குழந்தை. அவள் முடித்தபின் தவரத்தினம் பொன்னாடையின் ஓரத்தைத் திருகினார்.

"இந்த நாளுக்காகப் பத்து வருசம் ஓடினனான், பிள்ளை," என்றார். "நீ சொல்லுறது உண்மையெண்டால் நான் மேலை போய் என்னத்தைச் சொல்ல?"

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம், அண்ணை. கரிகாலன் அண்ணையைப் பாலத்துக்கு அங்காலை நடக்கச் சொல்லுங்கோ. அது காணும்."

லவன் விசையை மேலே தள்ளினான். தவரத்தினம் ஒதுங்கி வழிவிட்டார்.

படியில் யோகராணி சுவரோடு ஒட்டி நின்றார். ஜெர்மேன் அவர் முன்னால் கையை நீட்டினார். யோகராணி கைப்பையைத் திறந்தார். பாஸ்போட்டை எடுத்து, ஜெர்மேனிடம் கொடுக்காமல், வள்ளியின் கையிலேயே வைத்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மண்டபத்தில் திரை மீண்டும் ஒளிர்ந்தது, ஊரிலிருந்து நேரடிக் காணொளி. அங்கே மாலை வெயில். மாலை போட்டுக்கொண்டு கரிகாலன் பலகைக்குப் பக்கத்தில் நின்றார். பாரிசின் கைதட்டலுக்குக் காத்திருந்தார்.

தவரத்தினம் மைக்கை எடுத்தார். "தம்பி, சந்தோசம். இனி ஒருக்கால் திரும்பி, உந்தப் பாலத்துக்கு அங்காலை நடவும் பாப்பம்."

கரிகாலனின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் நகர்ந்தன. "அங்காலை ஒண்டும் இல்லை அண்ணை. பாதை சரியில்லை. போனிலை சார்ச்சும் இல்லை..."

"கொஞ்சத் தூரம்தானே."

"நாளைக்கு வீடியோ எடுத்து அனுப்புறன். டேய், போனை நிப்பாட்டு!"

படம் நிற்கவில்லை. அது ஆடியது. கரிகாலன் திரையின் ஓரத்தால் வழுக்கி மறைந்தார். மண்டபத்தில் ஒருவருக்கும் கைபேசியைப் பிடித்திருந்தவர் யாரென்று தெரியாது. ஓர் ஆணின் கரகரத்த குரல் மட்டும் கேட்டது. "நான் காட்டுறன், ஐயா. நான் அங்காலைதான் இருக்கிறன்."

பாலத்தின் மரச் சட்டங்கள் காலடியில் தடதடத்தன. பின்னால் கரிகாலன் கத்துவது தூரமாகிக்கொண்டே போனது. தகரக் கொட்டில்கள் வந்தன. கலங்கல் வாய்க்காலில் குடம் அமிழ்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, கையால் வெயிலை மறைத்துக் கைபேசியைப் பார்த்தாள்.



"அம்மா, பாரிசிலையிருந்து கதைக்கிறம்," என்றார் தவரத்தினம். "உங்கடை பேர் என்ன?"

"ஏன்?" என்றாள் அவள். "கணக்கிலை இன்னும் வெட்ட மிச்சம் இருக்கோ?"

தவரத்தினத்தின் கையில் மைக் தாழ்ந்தது. வள்ளி ஈரச் செருப்போடு மேடைக்கு ஏறி அந்த மைக்கை வாங்கினாள்.

"அக்கா, நான் வள்ளி. வெட்ட இல்லை. சேர்க்க. இவையள் எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ."

அந்தப் பெண் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். ஒரு கணம் யோசித்தாள்.

"கௌரி," என்றாள். பிறகு திரும்பிக் கொட்டில்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வாங்கோ எல்லாரும்! பேர் கேக்கினம்!"

ஒரு கதவு திறந்தது. இன்னொன்று. ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஒருத்தி, தடியூன்றிய ஒருவர், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. மண்டபத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் எழுந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தவரத்தினத்தின் திரை அவர்களுக்குப் போதவில்லை.